சுருட்டாத பாய்

எங்கள் வீட்டில் எனக்கு ஒரு பட்டம் உண்டு. பாயைச் சுருட்டாதவள். கொடுத்தது என் கணவரின் அக்கா. நான் அவர்களை மதினி என்று கூப்பிடுவேன். வெயில் ஏறின பிறகும் படுத்த பாயைச் சுருட்டி மூலையில் சாத்தத் துப்பில்லாதவளுக்கு வேறு என்ன பட்டம் கிடைக்கும்? பாளையங்கோட்டையில் எங்கள் தெருவுக்கும் கோவிலுக்கும் அது தெரியும். கல்யாண வீட்டில் நான் சுவரில் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் போதும், "என்னா, பாய் கொண்டாரச் சொல்லவா?" என்று யாராவது ஒருத்தி கேட்பாள். சுற்றி இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

ஊர் என்னமும் சொல்லிவிட்டுப் போகட்டும். என் மகள் அந்தப் பட்டத்தைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தாள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்ற பிள்ளை என்னைப் பார்க்கிற பார்வையிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் கிடந்து தவித்தேன்.

நான் சோம்பேறிக் குடும்பத்தில் பிறந்தவள் இல்லை. கடற்கரைக்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் விடியுமுன்னே படகு இறக்குகிறவர்கள். அவர்கள் கிளம்புமுன் அம்மா குசினியில் அடுப்பு மூட்டியிருப்பாள். நானும் கூடவே எழும்பித் தண்ணீர் பிடித்து, மீன் பெட்டி கழுவிக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம் போவேன். ஆசிரியர் பயிற்சிக்குப் பாளையங்கோட்டை வந்தேன். மிஷன் தொடக்கப்பள்ளி ஒன்றில் வேலை கிடைத்தது. பஸ் நிறுத்தத்தில் இவரைப் பார்த்தேன். இவர் அரசாங்க ஆபீசில் கிளார்க். எங்களுக்குக் கத்தோலிக்க மாதா கோவில், அவர்களுக்குப் புராட்டஸ்டண்ட் மிஷன் கோவில். இரண்டு பக்கமும் முறைத்துக்கொண்டே கல்யாணத்தை நடத்தி முடித்தார்கள். "கடற்கரைப் பிள்ளை வலுவா இருக்கும், வீட்டு வேலைக்குக் கவலையில்ல" என்று மதினி சொன்னதாக இவர் பிறகு ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னார். அந்த வலு பிரசவம் வரைக்கும் இருந்தது.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பதுதான் எல்லாருக்கும் வழக்கம். எங்கள் ஊரில் நல்ல ஆஸ்பத்திரி இல்லை என்று என்னை இங்கேயே வைத்துக்கொண்டார்கள். மதினியும் அப்போது அந்த வீட்டில்தான் இருந்தார்கள். அவர்கள் புருஷனுக்குக் கப்பல் வேலை. பிரசவத்துக்கு வந்தவர்கள், பெண் பிள்ளையைப் பெற்றுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைக்குத் தலை நின்றிருந்த சமயத்தில் எனக்கு வலி கண்டது.

என் பிள்ளை பிறந்ததில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகு ரத்தம் நிற்கவில்லை. எனக்கு நினைவு இருப்பது குளிர்தான். சித்திரை மாதத்து வெயிலில், கம்பளியைப் போட்டு மூடியும், பல் அடித்துக்கொண்டது. தலைக்கு மேலே ஓடிய மின்விசிறி பைய பைய எட்டப் போயிற்று. தகவல் போய், கடற்கரையிலிருந்து என் அண்ணன்மாரும் அவர்கள் கூட்டாளிகளும் ஒரு வேன் நிறைய வந்து ரத்தம் கொடுத்தார்கள். பிழைத்தேன். போன ரத்தத்துக்கு ரத்தம் ஏற்றியாயிற்று, கணக்கு நேராயிற்று என்று எல்லாரும் நினைத்தார்கள். ரத்தம் வந்து சேருவதற்குள் என் தலைக்குள்ளே பட்டாணி அளவில் இருக்கிற ஒன்று பட்டினி கிடந்து செத்துவிட்டது யாருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது.

முதலில் தெரிந்தது பால். வரவில்லை. ஒரு சொட்டு இல்லை. கர்ப்பத்தில் கனத்துக் கிடந்த மார்பு காற்றுப் போனதுபோல் இறங்கிவிட்டது. பிள்ளை வாய் வைக்கும், இழுக்கும், பிறகு முகம் சிவந்து அழும். அம்மா விடவில்லை. கடற்கரையில் பால் ஊற ஒரே மருந்துதான். பால் சுறா. விடியற்காலையில் ஏலம் எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் கண்டக்டரிடம் வசவு வாங்கிக்கொண்டு கொண்டுவருவாள். அவித்து, தோலை உரித்து, சதையை உதிர்த்து, சின்ன உள்ளியும் பூண்டும் பச்சை மிளகாயும் போட்டுப் புட்டாக வதக்கித் தட்டு நிறைய வைப்பாள்.

"தின்னு மக்கா. கல்லுலயும் பால் ஊறும்."

தின்றேன். குமட்டக் குமட்டத் தின்றேன். கல்லில் ஊறியிருக்கலாம், எனக்கு ஊறவில்லை. மீதியை மதினி சாப்பிட்டார்கள். "மீன் நாத்தம் வீடெல்லாம்" என்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஊறிற்று. ஒரு பிள்ளைக்குப் போக மிச்சம் இருந்தது. என் பிள்ளை கத்துகிற கத்தலைக் கேட்டு ஒரு நாள் தூக்கி மடியில் போட்டுக்கொண்டார்கள்.

அதற்கு நான் நன்றி சொல்லாமல் இல்லை. இன்றைக்கும் சொல்கிறேன். புட்டிப் பால் சேராமல் வயிற்றால் போய்க்கொண்டிருந்த பிள்ளை அது. மதினி கொடுத்திராவிட்டால் என்ன ஆகியிருக்குமோ. ஆனால் கொடுத்த ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிக் காட்டினார்கள். வந்தவர்கள் போனவர்கள் எல்லாரிடமும் சொன்னார்கள். "பெத்தவ மலந்து கிடக்கா, நாந்தான் ரெண்டுக்கும் குடுக்குதேன்." என் மகள் பேச ஆரம்பித்தபோது அவர்களை அத்தை என்று கூப்பிடவில்லை. அத்தம்மா என்றாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்று இவர் சத்தியம் செய்தார்.

பச்சை உடம்பு, தேறிவிடும் என்றார்கள். தேறவில்லை. காலையில் கண் திறக்கும். உடம்பு எழும்பாது. கையை ஊன்றி உட்கார்ந்தால் சுவர் சுற்றும். மறுபடி சாய்வேன். பல் விளக்குவது ஒரு வேலை, தலை சீவுவது ஒரு வேலை, இரண்டுக்கும் நடுவே படுக்க வேண்டும். புருவம் உதிர்ந்தது. அக்குள் முடி உதிர்ந்தது. மாதத் தீட்டு வரவே இல்லை. இருபத்தைந்து வயதில் கிழவி மாதிரி வாய் ஓரத்தில் கோடு விழுந்தது. ஐப்பசியில் தெருப் பெண்கள் கூட்டமாக ஆற்றுக்குக் குளிக்கப் போவார்கள். நானும் ஒரு தடவை போனேன். தாமிரபரணித் தண்ணீர் முழங்காலைத் தொட்டதுமே தூக்கிப் போட்டது. கரையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுங்கிக் கிடந்தேன். "ராணிக்கு வெந்நி வேணுமாம்" என்றார்கள் மதினி.

வேலைக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தேன். கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கினால் தோள் கடுத்தது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு டீச்சரை எழுப்பக் கூடாது என்று ரகசியம் பேசப் பழகிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இருந்த இரக்கம் வேறு யாருக்கும் இல்லை. தலைமையாசிரியை கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டாக்டரிடம் போகவில்லையா என்று கேட்பீர்கள். போகாமல் என்ன. இவரும் வஞ்சகம் இல்லாமல் கூட்டிக்கொண்டுதான் போனார். ரத்தம் குறைவு என்றார்கள், சத்து மாத்திரை தந்தார்கள். மனசு சரியில்லை என்றார்கள், அதற்கும் தந்தார்கள். தீட்டு வருவதற்கு மாத்திரை தந்தார்கள்; அதைத் தின்றால் கேன்சர் வரும் என்று மதினி சொல்ல, நிறுத்தியாயிற்று. குளிர்கிறது, முடி கொட்டுகிறது, முகம் ஊதியிருக்கிறது என்றால் தைராய்டாகத்தான் இருக்கும் என்று வண்ணார்பேட்டையில் ஒரு லேப்பில் ரத்தம் எடுத்தோம். டி.எஸ்.எச். என்று ஒரே ஒரு சோதனை. நார்மல் என்று வந்தது.

அந்த நார்மல்தான் என்னைக் கொன்றது. அதற்கு முன்னாலாவது, என்னவோ சீக்கு என்று ஒன்றிரண்டு பேர் இரக்கப்பட்டார்கள். இப்போது மதினி கையில் சாட்சி கிடைத்துவிட்டது. "டாக்டரே நார்மல்னுட்டாவ. நார்மலா இருக்கவ ஏன் படுக்கணும்? சோலி செய்ய வளையாத உடம்பு, வேற என்ன?" சில வருடம் கழித்து இன்னொரு தடவை எடுத்தோம். அப்போதும் நார்மல். இவர் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை முன்னால் நடந்தார். பஸ் வந்தபோது, "கொஞ்சம் மனசு வச்சு எந்திரிச்சுப் பாரேன்" என்றார். அவர் அதட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன். பைய, கெஞ்சுகிற மாதிரி சொன்னார். நானே என்னைச் சந்தேகப்பட ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

மகள் வளர்ந்தாள். அவளுக்குத் தலை பின்னுவது மதினி. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டத்துக்குப் போவது மதினி. பெரிய மனுஷி ஆனபோது பக்கத்தில் இருந்து எல்லாம் சொல்லிக் கொடுத்தது மதினி. ஒரு தடவை அவளுடைய கூட்டாளிப் பிள்ளை வீட்டுக்கு வந்தது. நான் முன் அறையில் கிடக்கிறதைப் பார்த்து வாசலிலேயே தயங்கி நின்றது. "நீ உள்ள வாட்டி. எங்கம்மா எப்பவும் படுத்துத்தான் இருப்பாங்க" என்றாள் என் மகள். நாற்காலியைக் காட்டி நாற்காலி என்று சொல்கிற குரலில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கண்ணை மூடித் தூங்குகிறவள்போலக் கிடந்தேன்.

அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. மாப்பிள்ளைக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. பந்தலில் வந்தவர்களைக் கும்பிட்டு நின்றது மதினி. நான் நாற்காலியில் உட்கார்ந்து கும்பிட்டேன்.

அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் எனக்குக் காய்ச்சல் வந்தது. தெருவில் பாதி வீட்டில் அதே காய்ச்சல். மதினி அடுக்களையில் முந்திரிக்கொத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தார்கள். "பலகாரம் சுடுத நாள் பாத்து இவளுக்குக் காய்ச்சல் வந்துரும்" என்றார்கள். மறுநாள் வாந்தி. அதற்கு அடுத்த நாள் கூப்பிட்டால் எனக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. நான் நடிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தோன்றியிருக்க வேண்டும். மதினியும் இவரும் என்னை ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ரத்த அழுத்தம் கிடைக்கவில்லை. ரத்தத்தில் உப்பு பாதாளத்துக்கு இறங்கியிருந்ததாம். கடற்கரைக்காரிக்கு உப்புக் குறைச்சல், நல்ல வேடிக்கைதான். என்ன ஊசி போட்டார்களோ, மறுநாள் காலை கண் திறந்தேன். அந்த வார்டுக்கு வந்த டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். என் கையைத் திருப்பிப் பார்த்தாள், புருவத்தைப் பார்த்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டாள்.

"அம்மா, உங்களுக்குப் பிரசவத்துல ரத்தம் நிறையப் போச்சா? பிள்ளைக்குப் பால் இருந்துதா?"

நான் வாய் திறக்குமுன் மதினி முந்திக்கொண்டார்கள். அவர்களுக்குப் பாடமான கதையல்லவா.

"ரத்தம் ஆறாப் போச்சு டாக்டரம்மா. பால் ஒரு சொட்டு கிடையாது. நாந்தான் எம் பிள்ளையோட சேத்து இதுக்கும் குடுத்து வளத்தேன்."

"அப்புறம் தீட்டு வந்துதா?"

"எங்க வந்துது. அத்தோட சரி. ஒத்தப் பிள்ளையோட நின்னுட்டு."

டாக்டர் மதினி பக்கம் திரும்பினாள். "இதெல்லாம் யாருக்கும் தெரியாதா?" என்று கேட்டாள்.

"ஊருக்கே தெரியுமே" என்றார்கள் மதினி.

ஆமாம், ஊருக்கே தெரியும். என் சீக்கு என்ன என்பதை மதினி எத்தனையோ வருடமாகத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். அதைக் கேட்கவேண்டிய இடத்தில் இருந்த ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. மதினி முந்தானையால் என் கண்ணைத் துடைத்து, "பயப்படாத, ஒண்ணுமில்ல" என்றார்கள். துடைத்த கையைத் தட்டிவிடலாமா என்று இருந்தது. கையில் பலம் இல்லை.

அந்தப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள். படம் வரைந்து காட்டினாள். ஸ்கேன் எடுத்து, பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி ஏறக்குறைய காலியாகக் கிடப்பதைக் காட்டினாள். நான் அதை எனக்குத் தெரிந்த பள்ளிக்கூடமாக மாற்றிப் புரிந்துகொண்டேன். மிஷன் பள்ளிக்கூடத்துக்குத் தாளாளர் என்று ஒருவர் உண்டு. வகுப்புப் பக்கம் வரமாட்டார். தன் அறையில் இருந்துகொண்டே வெயிலா மழையா, பிள்ளைகள் பசியாய் இருக்கிறார்களா, என்ன கலவரம் என்று எல்லாம் தெரிந்துவைத்திருப்பார். தலைமையாசிரியைக்குச் சீட்டு அனுப்புவார். மூளைக்கு அடியில் இருக்கிற ஹைப்போதலாமஸ் அந்தத் தாளாளர். அதற்குக் கீழே ஒரு காம்பில் தொங்குகிற பிட்யூட்டரிதான் தலைமையாசிரியை. சீட்டு வந்ததும் ஒவ்வொரு வகுப்புக்கும் உத்தரவு போடுவது அவள் வேலை. கழுத்தில் தைராய்டு ஒரு வகுப்பு, சிறுநீரகத்துக்கு மேலே அட்ரீனல் ஒரு வகுப்பு, கர்ப்பப்பை ஓரத்துச் சினைப்பை ஒரு வகுப்பு. அந்தந்த வகுப்பில் ஊறுகிற ஹார்மோன்தான் உடம்பைச் சூடாக்கும், எழுப்பி உட்கார வைக்கும், காய்ச்சலைத் தாங்கும். பிள்ளை வாய் வைத்து இழுத்தால் அந்தச் செய்தி மேலே போகும். பால் சுரக்கச் சொல்லி உத்தரவு அந்தத் தலைமையாசிரியையிடமிருந்துதான் வரவேண்டும். எத்தனை சுறாவைத் தின்றாலும் உத்தரவு இல்லாமல் பால் இல்லை.

வகுப்பில் பாடம் ஒழுங்காக நடந்தால் அந்தச் செய்தி மேலே போகும், தலைமையாசிரியை சத்தத்தைக் குறைப்பாள். நடக்கவில்லை என்றால் தொண்டை கிழியக் கத்துவாள். டி.எஸ்.எச். என்பது அவள் தைராய்டைப் பார்த்துப் போடுகிற சத்தம். என் தலைமையாசிரியை பிரசவத்தன்றைக்கே நாற்காலியில் செத்துக் கிடக்கிறாள். கர்ப்ப காலத்தில் அவள் பெருத்திருப்பாளாம், ரத்தம் அதிகம் வேண்டுமாம், அந்தச் சமயத்தில் வடிந்துபோனால் முதலில் அவள்தான் சாவாளாம். வகுப்பெல்லாம் நன்றாக இருந்தும் உத்தரவில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறது. தைராய்டு வேலை செய்யாதபோது அவள் கத்தியிருக்க வேண்டும். லேப்புக்காரன் வாசலில் நின்று காதுகொடுத்தான். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, எல்லாம் நார்மல் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். வகுப்புக்குள்ளே எட்டிப் பார்க்கிற சோதனை இன்னொன்று இருந்திருக்கிறது. அதை யாரும் எழுதவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். முதலில் அட்ரீனலுக்கு. அது பிடித்த பிறகு தைராய்டுக்கு. முறை மாற்றிக் கொடுத்தால் ஆளையே கொண்டுபோய்விடுமாம். காலையில் பெரிய அளவு, மத்தியானம் சின்ன அளவு, காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு, சாகும்வரை நிறுத்தக் கூடாது. வீட்டுக்கு வந்து சில நாள் ஆகியிருக்கும். விடியுமுன்னே முழிப்புத் தட்டியது. எழும்பி உட்கார்ந்தேன். சுவர் சுற்றவில்லை. பாயைச் சுருட்டி மூலையில் சாத்தினேன். அடுப்பு மூட்டி டீ போட்டேன். இவர் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். அவருக்குக் கண் கலங்கியது. எனக்குக் கலங்கவில்லை. என்னுடைய இருபது, முப்பது, நாற்பது வயதையெல்லாம் எந்தக் கடையில் போய் வாங்குவது என்று ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடமும் நான் ஒரு மாத்திரை தூரத்தில் கிடந்திருக்கிறேன்.

மதினி ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தேன். காலில் விழச் சொல்லவில்லை. என் மகள் முன்னால், "இவ சோம்பேறி இல்லட்டி, சீக்கு" என்று ஒரே ஒரு தடவை. கடைசியில் நானே கேட்டேன்.

"மதினி, டாக்டர் சொன்னதைக் கேட்டீங்கல்லா. நான் சும்மா படுத்துக் கிடக்கலன்னு இப்பமாவது தெரியுதா?"

"எனக்கு என்ன தெரியும்? படிச்ச டாக்டர்மாருக்கே தெரியல. நான் கண்டனா?" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதும் சரிதான். அந்தச் சரிதான் எனக்கு இன்னும் எரிகிறது. தெருவில் கதை வேறு விதமாகப் போயிற்று. மண்டைக்குள்ளே ஏதோ இல்லையாம் என்றார்கள். பார்க்கிறவர்கள் என்னிடம் சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள்.

மகள் உண்டாகி ஏழு மாதம் ஆகியிருந்தது. நான் ஒரு நாள் பஸ் பிடித்துத் தனியாக அவள் வீட்டுக்குப் போனேன். தனியாகப் போனதே எனக்குப் பெருமை. அவளை உட்கார வைத்துத் தாளாளர், தலைமையாசிரியை, வகுப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் முகம் வெளிறியது.

"இது எனக்கும் வருமாம்மா?"

"வராதுட்டி. பரம்பரைச் சீக்கு இல்ல. ரத்தம் அளவுக்கு மிஞ்சிப் போனாத்தான். இப்பம் நல்ல ஆஸ்பத்திரி இருக்கு, பாத்துக்கிடுவாங்க. நானும் கூட இருப்பேன்லா."

மூச்சை விட்டாள். அவளுடைய பயம் போயிற்று. என் கதை அதோடு முடிந்தது. நான் இன்னும் ஏதாவது கேட்பாள் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். "பிரசவத்துக்கு அத்தம்மா வந்து பாத்துக்கிடுதேன்னு சொல்லிட்டாங்கம்மா. நீங்க அலைய வேண்டாம்" என்றாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

வேண்டாம் என்றால் விடுவேனா. வலி என்று போன் வந்ததும் நானும் போனேன். பெண் பிள்ளை. என் மகளை அறைக்குக் கொண்டுவந்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. உள்ளே வருகிற நர்ஸிடமெல்லாம், "ரத்தம் அளவாத்தான் போகுதா?" என்று கேட்டேன். ஒரு நர்ஸ் சிரித்துக்கொண்டு, நார்மல்மா என்றாள். அந்தச் சொல்லை நான் எப்படி நம்புவேன்? மறுபடியும் கேட்டேன். "சும்மா ரத்தம் ரத்தம்னு சொல்லிக்கிட்டு. வாய வையாத" என்று மதினி அதட்டினார்கள்.

மறுநாள் சாயங்காலம் பிள்ளையை மார்பில் வைத்தார்கள். வாய் வைத்தது, இழுத்தது, விட்டது, மறுபடி இழுத்தது. பிள்ளையின் உதட்டோரத்தில் மஞ்சளாக ஒரு சொட்டு நின்றது. சீம்பால். என் மகளின் தலைக்குள்ளே அந்தப் பட்டாணி உயிரோடு இருக்கிறது, உத்தரவு போட்டுவிட்டது. இதை அந்த அறையில் என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"எம் பால் குடிச்ச உடம்புல்லா. ஊறாமப் போயிருமா?" என்றார்கள் மதினி.

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார், இவரும் சிரித்தார். என் மகளும் சிரித்து, "ஆமா அத்தம்மா" என்றாள். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். கட்டிலுக்கு அடியில் வாளியில் தீட்டுத் துணி கிடந்தது. பழைய வேட்டியைக் கிழித்து மதினி மடித்துக் கொண்டுவந்த துணி. அலச எடுத்தேன்.

"வைங்கம்மா. உங்களுக்குத்தான் முடியாதே" என்றாள் என் மகள். குரலில் அத்தனை அன்பு. "நீங்க வீட்டுக்குப் போய்ப் படுங்க. அத்தம்மா பாத்துக்கிடுவாங்க."

அம்மாவுக்கு முடியாது. அவள் வாயிலிருந்து இந்தச் சொல் வர வேண்டும் என்று எத்தனை வருடம் ஏங்கியிருப்பேன். எனக்கு முடியாத நாளெல்லாம் முடியும் என்றார்கள். முடிகிற நாளில் முடியாது என்கிறார்கள். இரண்டுக்கும் எனக்குக் கிடைத்தது அதே பாய்தான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போனேன். குழாயைத் திறந்து ஒவ்வொரு துணியாக விரித்து வெளிச்சத்தில் பார்த்தேன், பிறகு அலசினேன். ரத்தம் அளவாகத்தான் இருந்தது.